விண்டோஸ் சேர்வர் 2022இன் உள்ளமைந்த மறைகுறியாக்கம்: யாழ்ப்பாணத்து அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு மதிப்பீடு

விண்டோஸ் சேர்வர் 2022 இயங்குதளத்துடன் கூடவே வருகின்ற, திறப்பு இல்லாதவர் வாசிக்க முடியாதபடி தரவை மாற்றிவைக்கும் மறைகுறியாக்க வசதிகளை எங்கள் அலுவலகச் சேர்வரில் இயக்கி, வருமான வரிப் படிவங்கள் குவிகின்ற பருவம் ஒன்றையும் அதன்மேல் கடந்துவிட்டோம். இதே முடிவை எடுப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஏனைய அலுவலகங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். யாழ்ப்பாண நகரிலுள்ள கணக்காய்வு அலுவலகம் ஒன்றின் கணினிகளுக்குப் பொறுப்பாக இருப்பவன் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாடிக்கையாளரின் விபரங்களைச் சேர்வரில் வைத்திருக்கும் ஒவ்வொரு சிறு நிறுவனமும் இந்த வசதியை இயக்கத்தான் வேண்டும். ஆனால், பூட்டிக்கொண்ட வட்டைத் திறக்கும் மீட்பு இலக்கம் எங்கே, யாருடைய பொறுப்பில் இருக்கும் என்பதை எழுத்தில் தீர்மானித்துக்கொள்ளாதவர்கள், அதைத் தீர்மானிக்கும்வரை அந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது.

எங்கள் சேர்வரில் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள் தொடக்கம் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் வரை பலருடைய கணக்குகள் இருக்கின்றன. ஊழியர் சம்பளப் பட்டியல்கள், தேசிய அடையாள அட்டை இலக்கங்கள், ஊழியர் சேமலாப நிதிப் பதிவுகள், வங்கிக் கூற்றுகள், ஸ்கேன் செய்த காணி உறுதிகள் என்பனவும் அங்கேதான் உள்ளன. இவை எந்த வழியாக வெளியே போகக்கூடும் என்று யோசித்தபோது, எங்கோ இருந்து இணையம் வழியாக ஊடுருவுபவரைவிட அருகிலிருக்கும் வழிகளே எங்களுக்கு அதிகம் தென்பட்டன. இங்குள்ள சிறு அலுவலகங்களிற் பல, வீடாகக் கட்டப்பட்டுப் பின்னர் அலுவலகமாக மாற்றப்பட்ட கட்டடங்களில், இரவுக் காவலாளி இல்லாமல் இயங்குகின்றன. சேர்வர் என்பது பெரும்பாலும் ஓர் அறையின் மூலையில் நிற்கும் பெட்டி. இருவர் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். உத்தரவாதக் காலத்துக்குள் பழுதாகும் வன்தட்டு, வாங்கிய கடை மூலமாகக் கொழும்புக்குப் போகிறது. மாற்று வட்டு வருகிறது, பழைய வட்டு திரும்பி வருவதில்லை. காப்புப்பிரதி எடுத்த வெளிவட்டு, பாதுகாப்புக்காக என்று சொல்லி, யாரோ ஒருவருடைய கைப்பையில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறது. இந்த மூன்று வழிகளையும் அடைப்பதற்கு வட்டு மறைகுறியாக்கத்தைவிட நேரான மருந்து வேறில்லை.

சட்டமும் இந்தத் திசையிலேயே நிற்கிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாளுபவர் எடுக்கவேண்டிய பாதுகாப்பு நடவடிக்கைகளைச் சொல்லும்போது மறைகுறியாக்கத்தைப் பெயர் குறித்தே சொல்கிறது. மற்றவர்களின் சம்பள விபரங்களை வைத்திருக்கும் கணக்காய்வு அலுவலகம் இதனைத் தனக்குச் சம்பந்தமில்லாத விடயமாக எண்ணுவதற்கு இடமில்லை.

நாங்கள் இயக்கிய பிரதான வசதி, வட்டை மறைகுறியாக்கும் பிட்லொக்கர். இது 2007இல் விண்டோஸ் விஸ்ராவுடன் பொதுப் பாவனைக்கு வந்தது. சேர்வர் பதிப்புகளில் 2008 முதல் இருக்கிறது. சேர்வர் ஸ்ராண்டர்ட் உரிமத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் தனியாகப் பணம் கட்டவேண்டியதில்லை. ஆயினும் சேர்வரில் அது தானாக நிறுவப்பட்டிருப்பதில்லை. சேர்வர் மனேஜரில் அம்சங்களைச் சேர்க்கும் பகுதிக்குச் சென்று அதனைத் தெரிவுசெய்து நிறுவி, கணினியை ஒருமுறை மீளத் தொடங்கவேண்டும். அதன் பின்னரே கட்டுப்பாட்டுப் பலகத்தில் அது தோன்றும். சேர்வர் ஒன்றை வேலை நேரத்தில் மீளத் தொடங்குவது எவ்வளவு கூச்சலைக் கிளப்பும் என்பதை அலுவலகங்களில் இருப்பவர்கள் அறிவார்கள். ஆகவே இந்த நிறுவலைச் சனிக்கிழமை மாலைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

இயக்குவதற்கு முன்னர் பார்க்கவேண்டியது வட்டின் திறப்பைக் காத்துவைக்கும், ரி.பி.எம். எனப்படும் சிறிய பாதுகாப்புச் சிப் தாய்ப்பலகையில் இருக்கிறதா என்பதை. மடிகணினிகளில் அது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆனால் சேர்வர் பெட்டிகளில் அது தனி உதிரியாக விற்கப்படுவதும் உண்டு. விலைமனு கேட்கும்போது அதனைப் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் பெட்டி அது இல்லாமல் வந்து சேரக்கூடும். சிப் இல்லாவிட்டாலும் குழுக் கொள்கை எனப்படும் விண்டோஸ் நிர்வாக அமைப்புகளில் ஒன்றை மாற்றி, கடவுச்சொல்லையோ யூ.எஸ்.பி. திறப்பையோ கொண்டு பிட்லொக்கரை இயக்கலாம். ஆனால் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒரு மனிதர் பக்கத்தில் நிற்கவேண்டி வரும், யூ.எஸ்.பி. திறப்பு என்றால் அது நாளடைவில் சேர்வரிலேயே நிரந்தரமாகச் செருகப்பட்டுக் கிடக்கும். அப்படிக் கிடக்கும் திறப்பு கள்வனுக்கும் சேர்த்தே பெட்டியைத் திறந்துவிடும்.

அமைப்பின்போது கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று உண்மையிலேயே முக்கியமானது: பயன்பட்ட இடத்தை மட்டும் மறைகுறியாக்குவதா, வட்டு முழுவதையுமா? முதலாவது தெரிவு விரைவில் முடிந்துவிடும். புத்தம் புதிய வட்டுக்கு அது போதும். ஏற்கெனவே கோப்புகள் எழுதப்பட்டு அழிக்கப்பட்ட வட்டு என்றால், அழித்ததாக நாம் எண்ணும் கோப்புகளின் எச்சங்கள் வெற்றிடமாகக் காட்டப்படும் பகுதியில் அப்படியே கிடக்கும். அவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. எனவே பாவனையிலுள்ள சேர்வருக்கு முழுவட்டுத் தெரிவே சரியானது. நேரம் அதிகம் எடுக்கும், எடுக்கட்டும்.

மறைகுறியாக்க முறையாக, எதையும் மாற்றாவிட்டால், எக்ஸ்.ரி.எஸ். எனப்படும் வட்டுகளுக்கான வகையில், 128 பிட் நீளத் திறப்புள்ள ஏ.இ.எஸ். அமையும். ஏ.இ.எஸ். என்பது பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ற் ரைமன் ஆகிய இருவரின் வடிவமைப்பு; 2001இல் அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்டு, இன்று உலகம் முழுவதும் வங்கிகள் தொடக்கம் கைத்தொலைபேசிகள் வரை பயன்படுவது. 256 பிட் வேண்டுமென்றால் மறைகுறியாக்கத்தைத் தொடங்குவதற்கு முன்னரே குழுக் கொள்கையில் மாற்றிவிடவேண்டும். பின்னர் மாற்றுவதென்றால் முழுவதையும் குலைத்து மறுபடி செய்யவேண்டும். எங்கள் பாவனைக்கு 128 பிட் தாராளமாகப் போதும் என்றே கருதுகிறேன். வட்டின் உள்ளேயே உள்ள மறைகுறியாக்கத்தை நம்பிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்லவேண்டும். 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில பிரபல எஸ்.எஸ்.டி. வட்டுகளின் உள்ளமைந்த மறைகுறியாக்கத்தைக் கடவுச்சொல் இல்லாமலே கடக்க முடியும் என்று காட்டினார்கள். பிட்லொக்கர் அதுவரை அவ்வகை வட்டுகளில் வேலையை வட்டிடமே ஒப்படைத்துவந்தது. 2019இல் மைக்ரோசொப்ட் அந்த நடைமுறையை மாற்றி, மென்பொருள்வழி மறைகுறியாக்கத்தை இயல்பான தெரிவாக்கியது. அதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

செயற்பாட்டைப் பற்றி முறையிட ஒன்றுமில்லை. மறைகுறியாக்கம் பின்னணியில் நடந்துகொண்டிருக்க, அலுவலகத்தவர்கள் வழமைபோலத் தங்கள் வேலையைச் செய்தார்கள். இடையில் மின்சாரம் நின்று சேர்வர் அணைந்தாலும், மறுபடி எழும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எங்கள் ஊரில் இந்தக் குணம் ஒன்றுக்காகவே அதனைப் பாராட்டலாம். முடிந்த பின்னர் வேகத்தில் யாரும் குறை சொல்லவில்லை. ஏ.இ.எஸ். கணிப்பைச் செய்வதற்கென்றே தனிக் கட்டளைகள் 2010 முதல் இன்ரெல் செயலிகளில் சேர்க்கப்பட்டு வந்திருப்பதால், கணக்கு மென்பொருளும் கோப்புப் பகிர்வும் மட்டும் ஓடுகின்ற ஓர் அலுவலகச் சேர்வரில் அந்தச் சுமை உணரப்படாது.

இனி, யாழ்ப்பாணத்தில் இதை இயக்குபவர் நின்று யோசிக்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன். சேர்வர் தொடங்கும்போது பூட்டை எப்படித் திறப்பது என்பதற்குப் பிரதானமாக இரண்டு முறைகள் உண்டு. ரி.பி.எம். சிப் மட்டும் போதும் என்று விட்டால், பெட்டி தானாகவே எழும்பிவிடும்; யாரும் எதுவும் தட்டவேண்டியதில்லை. சிப்புடன் இரகசிய இலக்கம் ஒன்றும் வேண்டும் என்று வைத்தால், ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒருவர் திரைக்கு முன்னால் நின்று அதனைத் தட்டவேண்டும். பாதுகாப்பு நூல்கள் இரண்டாவதையே பரிந்துரைக்கும். அதற்குக் காரணமும் உண்டு: சிப் தனியாக நிற்கும் தாய்ப்பலகைகளில், சிப்பிலிருந்து செயலிக்குத் திறப்பு போகும் கம்பிவழியை ஒட்டுக்கேட்டு அதைப் பிடித்துவிடலாம். 2024இன் தொடக்கத்தில் ஓர் ஆய்வாளர், பழைய மடிகணினி ஒன்றில், மிகவும் மலிவான ஒரு சிறு மின்னணுப் பலகையைக் கொண்டு ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் இதனைச் செய்து காட்டினார்.

ஆனால் மின்சாரத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியபோது, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. யூ.பி.எஸ். தாங்கும் நேரம் கடந்த பின்னர் சேர்வர் அணையும். மின்சாரம் திரும்பி வரும்போது, இரகசிய இலக்கம் கேட்கும் சேர்வர் நீல நிறத் திரையுடன் அப்படியே நிற்கும். திங்கட்கிழமை காலை ஒருவர் வந்து அலுவலகத்தைத் திறக்கும்வரை, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் கிளை அலுவலகத்துக்கும் சேர்வர் கிடையாது. இதற்கு மாற்றாக, அலுவலக வலையமைப்பில் இருக்கும்போது மட்டும் தானாகத் திறக்கும் நெட்வேர்க் அன்லொக் என்ற வசதி சேர்வர் 2012 முதல் இருக்கிறது. அதற்கு இன்னொரு சேர்வர் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். ஒரே ஒரு சேர்வரை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அது பயன்படாது.

எனவே நாங்கள் சேர்வரில் ரி.பி.எம். மட்டும் என்ற முறையைத் தெரிவுசெய்து, பெட்டியை நிலத்துடன் பொருத்திய இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டினோம். அலுவலகத்துக்கு வெளியே கொண்டுசெல்லப்படும் மடிகணினிகளுக்கு இரகசிய இலக்கத்தைக் கட்டாயமாக்கினோம். சேர்வரைப் பெட்டியோடு தூக்கிச் சென்று, ஆய்வுகூடப் பொறுமையோடு உட்காரும் ஒருவரை இது தடுக்காது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் வட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறவர், பழுதான வட்டைப் பெற்றுக்கொள்கிறவர், பழைய வட்டை விலைக்கு வாங்குகிறவர் ஆகிய எவராலும் ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியாது. எங்கள் ஆபத்துகளின் அளவுக்கு இது பொருத்தமான நடுவழி. இரகசிய ஆவணங்களின் பெறுமதி இதைவிட அதிகமாக உள்ள இடங்கள், உதாரணமாக மருத்துவ அறிக்கைகளை வைத்திருக்கும் தனியார் நிலையங்கள், இரகசிய இலக்கத்தையே வைத்து, ஞாயிற்றுக்கிழமையும் வந்து தட்டுவதற்கு ஒருவரை ஒழுங்குசெய்யவேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது மீட்பு இலக்கம். இந்த மதிப்பீட்டில் வேறு எதையும் வாசிக்காதவர்கள் இதை மட்டுமாவது வாசிக்கவேண்டுகிறேன். பிட்லொக்கர் இயக்கப்படும்போது 48 இலக்கங்களைக் கொண்ட ஓர் எண்ணை, ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளாக, உருவாக்கித் தருகிறது. தாய்ப்பலகை பழுதாகி மாற்றப்பட்டாலோ, கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸின் அமைப்பு மாறினாலோ, வட்டு வேறு பெட்டிக்கு மாற்றப்பட்டாலோ, சிப் திறப்பைத் தர மறுத்துவிடும். அப்போது இந்த 48 இலக்கங்களைத் தவிர வேறு வழி கிடையாது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தாலும் திறக்க முடியாது, கடைக்காரராலும் முடியாது. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் தாய்ப்பலகைகள் எரிவது இங்கே அபூர்வமான சம்பவம் அல்ல என்பதால், இந்த நாள் ஒருநாள் வரும் என்றே வைத்துக்கொள்ளவேண்டும்.

வழிகாட்டிக் குறிப்புகள் அனைத்தும், மீட்பு இலக்கத்தை, அலுவலகப் பயனாளர்களையும் கணினிகளையும் பதிந்துவைக்கும் அக்ரிவ் டிரெக்டரியில் சேமிக்கும்படி சொல்கின்றன. இலக்கம் அங்கே பதிவாகும்வரை மறைகுறியாக்கத்தைத் தொடங்க விடாமல் தடுக்கும் கொள்கையும் உண்டு. அலுவலகத்தின் ஏனைய கணினிகளுக்கு அது மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் எங்களைப் போன்ற அலுவலகங்களில் அக்ரிவ் டிரெக்டரி ஓடுவதும் அதே ஒற்றைச் சேர்வரில்தான். சேர்வர் பூட்டிக்கொண்ட நாளில், அதைத் திறக்கும் இலக்கம் அந்தச் சேர்வருக்கு உள்ளேயே இருக்கும். பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட குறிப்புகள் இந்த நிலைமையைப் போதிய அளவுக்கு எச்சரிப்பதில்லை. அது இந்த வசதியின் ஆவணப்படுத்தலில் நான் காணும் பெரிய குறை.

எங்கள் அலுவலகத்தின் மூத்த பங்காளர், கணினியைப் பற்றி அதிகம் அறியாதவர், நான் இதையெல்லாம் விளக்கி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நீரும் கனடாவுக்குப் போயிட்டீர் எண்டால், இந்தப் பெட்டியை ஆர் தம்பி திறக்கிறது?” அந்தக் கேள்வி கற்பனையானதல்ல. எங்கள் ஊரில் கணினி வேலையைக் கற்ற இளைஞர்கள் ஒன்றிரண்டு வருடங்களில் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். போகும்போது கடவுச்சொற்களும் அவர்களுடைய தொலைபேசிகளுக்குள்ளேயே போய்விடுகின்றன. எனக்குத் தெரிந்த வர்த்தக நிலையம் ஒன்றில், வெளியிலிருந்து வந்து சேர்வரை அமைத்துக் கொடுத்த ஒரு சேவையாளர், பிட்லொக்கரை இயக்கிவிட்டு மீட்பு இலக்கத்தைக் கையளிக்காமலே கணக்கை முடித்துச் சென்றார். பின்னர் தாய்ப்பலகை மாற்றப்பட்டபோது அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அந்நிலையத்தின் பல வருடக் கொள்வனவுப் பதிவுகள் இன்றும் அந்த வட்டில் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அவற்றை வாசிக்கத்தான் யாராலும் முடியாது. வெளியாரைக் கொண்டு இதனைச் செய்விப்பவர்கள், மீட்பு இலக்கம் கையில் கிடைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும்.

நாங்கள் செய்த ஒழுங்கு இதுதான். இலக்கத்தைக் கடதாசியில் அச்சிட்டு, அதனுடன் திரையில் காட்டப்படும் அடையாளக் குறியையும் சேர்த்து எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பங்காளர்கள் கையொப்பமிட்டார்கள். ஒரு பிரதி அலுவலக இரும்புப் பெட்டியிலும், இன்னொன்று ஒரு பங்காளரின் வீட்டிலும், மூன்றாவது வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்திலும் உள்ளன. இடப்பெயர்வுகளின்போது வேறு எதை விட்டாலும் காணி உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்ட சமூகம் நாங்கள். அந்த உறுதிக்குக் கொடுக்கும் இடத்தையே இந்த ஒற்றைத் தாளுக்கும் கொடுக்கவேண்டும். தொலைபேசியில் எடுத்த படம், மின்னஞ்சல், வட்ஸ்அப் செய்தி ஆகிய வழிகளில் அதனை யாருக்கும் அனுப்பக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறோம்.

எழுதி வைத்தது போதாது, பரீட்சித்தும் பார்க்கவேண்டும். ஓய்வு நாளொன்றில் மீட்புத் திரையை வேண்டுமென்றே வரவழைத்து, என் உதவியில்லாமல், உறையைப் பிரித்து இலக்கத்தைத் தட்டிச் சேர்வரை எழுப்பும்படி அலுவலக எழுதுவினைஞரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் செய்து முடித்தார். ஆனால் ஆங்கிலத்தில் வரும் அந்தத் திரையை முதன்முதலில் கண்டபோது, கணினி நாசமாகிவிட்டது என்றே எண்ணினார். ஆகவே, அந்தத் திரை எப்படி இருக்கும், அதில் எந்த வரி என்ன கேட்கிறது, பதற்றமில்லாமல் என்ன செய்யவேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, இரும்புக் கூட்டின் கதவில் ஒட்டிவிட்டோம். இலக்கம் மட்டும் அதில் இல்லை. பரீட்சை முடிந்ததும் பழைய மீட்பு இலக்கத்தை நீக்கிப் புதியதொன்றை உருவாக்கி, உறைகளையும் மாற்றினோம். ஒருமுறை பிரிக்கப்பட்ட இலக்கத்தை மாற்றிவிடுவது நல்ல பழக்கம், அதற்குச் சில நிமிடங்களே போதும்.

இது தேவைக்கு மிஞ்சிய கவனம் என்று நினைப்பவர்கள் 2024 ஜூலை மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். அந்த மாதத்து விண்டோஸ் பாதுகாப்பு இற்றைப்படுத்தலை நிறுவிய கணினிகளிற் சில, எந்தப் பழுதும் இல்லாமலே மீட்பு இலக்கம் கேட்டு நின்றன. மைக்ரோசொப்ட் அடுத்த மாத இற்றைப்படுத்தலில்தான் அதனைத் திருத்தியது. அதே மாதம் 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பொன்றினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் வீழ்ந்தன. பிட்லொக்கர் இயங்கிய கணினிகளைச் சரிசெய்ய ஒவ்வொன்றுக்கும் மீட்பு இலக்கம் வேண்டியிருந்ததால், இலக்கங்களை ஒழுங்காக வைத்திருந்த நிறுவனங்கள் முதலில் எழும்பின.

பயோஸ் இற்றைப்படுத்தலுக்கு முன்னர் பிட்லொக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்தவேண்டும். இதற்கான தெரிவு கட்டுப்பாட்டுப் பலகத்திலேயே இருக்கிறது. வட்டு மறைகுறி நீக்கப்படுவதில்லை, காவல் மட்டும் சிறிது நேரம் தளர்த்தப்படுகிறது. எத்தனை மீளத் தொடக்கங்களுக்கு இடைநிறுத்துவது என்பதைப் பவர்ஷெல் கட்டளைச் சாளரத்தில் குறிப்பிடலாம். இதைச் செய்யாமல் பயோஸை மாற்றினால் மீட்புத் திரை வந்து நிற்கும்.

காப்புப்பிரதி விடயத்தில் பலரும் அறியாத ஒன்றைச் சொல்லவேண்டும். சேர்வரின் வட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும், விண்டோஸ் சேர்வர் பக்கப் என்ற உள்ளமைந்த காப்புப்பிரதி மென்பொருள் அதிலிருந்து எடுக்கும் பிரதி மறைகுறியாக்கம் இல்லாமலே வெளிவட்டில் எழுதப்படுகிறது. சேர்வரைக் கூட்டுக்குள் பூட்டிவிட்டு, அதிலுள்ள அனைத்தையும் திறந்த நிலையில் கைப்பையில் கொண்டுபோவதில் அர்த்தமில்லை. எனவே வெளிவட்டையும் தனியாகப் பிட்லொக்கர் கொண்டு பூட்டவேண்டும். முழு வட்டையும் காப்புப்பிரதிக்கென்றே ஒதுக்கும் தெரிவை எடுத்தால் அந்த மென்பொருள் வட்டை வடிவமைத்துவிடும் என்பதால், முதலில் வட்டை மறைகுறியாக்கி, அதிலுள்ள ஒரு பகுதியை இலக்காகக் கொடுக்கும் தெரிவையே எடுக்கவேண்டும். காலையில் வட்டை இணைத்து, கடவுச்சொல்லைத் தட்டித் திறந்த பின்னரே வேலை தொடங்குகிறது. இந்தச் சிறு சிரமத்தை எங்களால் தவிர்க்க முடியவில்லை. வெளிவட்டுக்கும் தனியான 48 இலக்கம் உண்டு. அதுவும் அந்த உறைகளுக்குள் போகவேண்டும். இன்னொன்று: காப்புப்பிரதியிலிருந்து சேர்வரை முழுமையாக மீட்டெடுத்தால், மீண்டு வரும் வட்டு மறைகுறியாக்கம் இல்லாமலே வரும், மறுபடி இயக்கவேண்டியது பராமரிப்பவரின் பொறுப்பு.

வலையமைப்பு வழியாகப் போகும் கோப்புகளைக் காப்பதற்கு, எஸ்.எம்.பி. எனப்படும் கோப்புப் பகிர்வு முறைக்கான மறைகுறியாக்கம் சேர்வர் 2012 முதல் இருக்கிறது. பகிரப்பட்ட கோப்புறையின் பண்புகளில் ஒரு கட்டத்தில் சரிபோட்டால் போதும். சம்பளப் பட்டியல் கோப்புறைக்கு மட்டும் இதனை இயக்கினோம். பயனாளர் எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் விண்டோஸ் 7 கணினிகளால் அந்தக் கோப்புறையைத் திறக்கவே முடியாது. ஸ்கேன் செய்து நேராகக் கோப்புறைக்கு அனுப்பும் எங்கள் பழைய போட்டோக்கொப்பி இயந்திரத்தாலும் முடியவில்லை. அதற்கென்று மறைகுறியாக்கம் இல்லாத தனிக் கோப்புறை ஒன்றை அமைத்து, நாள் முடிவில் வெறுமையாக்கி வருகிறோம். இயந்திரத்தை மாற்றும்வரை இந்த ஒட்டு வேலையைச் சகித்துக்கொள்ளவேண்டும்.

ஈ.எப்.எஸ். என்ற கோப்பு மட்ட மறைகுறியாக்கம் விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது. சிறு அலுவலகங்களுக்கு அதனை நான் பரிந்துரைக்கமாட்டேன். கோப்பு அதை மறைகுறியாக்கிய பயனாளரின் சான்றிதழுடன் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பயனாளரின் கணக்கு அழிந்தால் கோப்பும் கிட்டத்தட்ட அழிந்ததே. டொமைனில் (அக்ரிவ் டிரெக்டரி நிர்வகிக்கும் கணினித் தொகுதியில்), பிறருடைய கோப்புகளைத் திறக்கக்கூடிய மீட்பு முகவருக்கென்று தானாக உருவாகும் சான்றிதழ் மூன்று வருடங்களில் காலாவதியாகிவிடும் என்பதைக் கவனிப்பவர்களும் குறைவு.

இவ்வளவையும் செய்துவிட்டு, கப்பம் கேட்கும் வைரஸ்களிலிருந்து தப்பிவிட்டோம் என்று எவரும் நினைக்கக் கூடாது. சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டு திறந்தே இருக்கிறது; உள்நுழைந்த பயனாளர் பார்ப்பதையெல்லாம் அவர் தெரியாமல் இயக்கிவிட்ட நாசகார மென்பொருளும் பார்க்கும். 2024இல் வெளிச்சத்துக்கு வந்த ஷ்ரிங்க்லொக்கர் என்ற கப்ப வைரஸ், பிட்லொக்கரையே ஆயுதமாகக் கொண்டு மற்றவர்களின் கணினிகளைப் பூட்டியது. அந்த ஆபத்துக்குத் தேவையானவை சேர்வரிலிருந்து கழற்றி வைக்கப்பட்ட காப்புப்பிரதி, நிர்வாகி உரிமையைக் குறைவானவர்களுக்கே கொடுத்தல், இற்றைப்படுத்தல்களைத் தாமதிக்காமை ஆகியவையே.

இனி இயக்க இருப்பவர்களுக்கு இரண்டு நடைமுறைக் குறிப்புகள். பழைய சேர்வர் 2012 ஆர்2வில் இருப்பவர்கள், அதற்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2023 ஒக்ரோபருடன் முடிந்துவிட்டதால், முதலில் இயங்குதளத்தை மாற்றி, புதிய வட்டில் தொடக்கத்திலேயே மறைகுறியாக்கத்தை இயக்குவது நல்லது. பழைய வட்டை விற்காமல் வைத்திருந்து அழிக்கவும். அலுவலகத்துக்கு மடிகணினி வாங்குபவர்கள் விண்டோஸ் ஹோம் பதிப்பில் பிட்லொக்கரை முழுமையாக நிர்வகிக்க முடியாது என்பதை நினைவில் வைத்து, கடையில் புரோ பதிப்பைக் கேட்டு வாங்கவேண்டும். விலை வித்தியாசத்தைக் காட்டி ஹோம் பதிப்பையே தந்துவிடப் பார்ப்பார்கள். சேர்வரிலிருந்து பிரதி எடுக்கப்பட்ட வாடிக்கையாளர் கோப்புகள் அந்த மடிகணினிகளில்தான் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் ஊர் சுற்றுகின்றன என்பதால், அந்தப் பணத்தை மிச்சம்பிடிக்க வேண்டாம்.